தகரத்தின் எடை

ஆலம்பொத்தையில் யாருக்காவது பட்டப்பெயர் வைத்தால், மறுநாள் விடிவதற்குள் அந்தப் பெயர் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நாற்காலி உயரம் இருக்கும். முகம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் கூப்பிட்டால் திரும்பும். வந்த பெயரை உள்ளே விட்டாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டால் அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கும், பால்காரர் தடுக்கி விழுவார், அப்புறம் ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். ஆகவே எல்லோரும் மரியாதையாக உள்ளே அழைத்து ஒரு மூலையைக் காட்டிவிடுவார்கள். பஸ்ஸில் போனால் பெயருக்கு அரை டிக்கெட்.

இசக்கியம்மாளுக்கு வந்த பெயர் தகரம். நாற்பத்துமூன்று வருஷமாக அவளோடு இருக்கிறது. அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே போகிறது என்று சத்தம் போட்டுச் சொல்வது அவள் வேலை. முன்பு அங்கே ஒரு மைக் இருந்தது. அது பழுதானபோது, சரிசெய்து வருகிற வரைக்கும் ஒரு வாரம் கூப்பிட்டுக் கொடு என்று அவளைக் கேட்டார்கள். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மைக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிமென்ட் பெஞ்சில் ஏறி நின்று "நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி" என்று அவள் ஓர் இழுப்பு இழுத்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார். அலாரம் வைக்காத வீடுகள் அந்த ஊரில் நிறைய.

பெயர் அந்தக் குரலுக்காக வந்ததுதான். மூன்றாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்குப் பழகும்போது, கிரேஸ் பாக்கியம் டீச்சர் பாட்டை நிறுத்தி, "யாரது, தகரத்தைத் தரையில போட்டு இழுக்கது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இசக்கியம்மாளை வரிசையிலிருந்து எடுத்துக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மறுநாள் காலையில் வாசலில் பெயர் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அது என்ன கனம் கனத்தது தெரியுமா. ஒன்பது வயசுப் பிள்ளை அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் பள்ளிக்கூடம் போனாள். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து அழுதாள். அம்மா கைகொடுக்க வந்தாள். அவளாலும் அசைக்க முடியவில்லை. பெயரை அடுத்தவர் சுமக்க முடியாது என்பது அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. அதன் பிறகு இசக்கியம்மாள் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

அவளுடைய இருபத்தோராவது வயதில் ஊர்க் குளம் உடைந்தது. அவள் கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே மண் இளகியதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கீழத்தெரு, பள்ளத்தெரு, அதையும் தாண்டி இருந்த குடியிருப்பு, மூன்றிலும் அந்தச் சத்தம் கேட்டு, எல்லோரும் பக்கத்துக் குன்றான பொத்தைமேல் ஏறிவிட்டார்கள். மூன்று தெருவும் தண்ணீரில் போயிற்று. ஒரு கோழிகூடச் சாகவில்லை. "தகரம் கூப்பிட்டாளே, அதான் தப்பிச்சோம்" என்று ஊரே சொன்னது. வீட்டுக்கு வந்து மூலையில் இருந்த பெயரைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையில் வந்தது. பூசணிக்காய் அளவுகூடக் கனமில்லை.

அதிலிருந்து அவளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை சிவனணைந்தபெருமாள், ஊரில் சிவனு, அவள் தூக்கி வைத்த பெயரைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டினான். "வெண்கலமா இருந்தா கோயிலுக்குள்ள கெடக்கும். தகரந்தாம்ட்டி ஊருக்கெல்லாம் கூரை" என்றான். அவனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும்தான். தெருவில் யாராவது "ஏ தகரம்" என்று கூப்பிட்டால் அவள் திரும்புகிற திரும்பலைப் பார்க்க வேண்டும். கலெக்டர் அம்மா தோற்றுப்போவாள்.

ஒன்றே ஒன்று. தன் பட்டப்பெயரைத் தானே கூப்பிடுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. அவளும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் ஆவணி மாதம், பெயர் ஒழுங்கு அலுவலர் கோதண்டபாணி, பஸ் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் முகாம் போட்டார். வாழைத்தார் மண்டியிலிருந்து பெரிய தராசை வரவழைத்து நடுவில் வைத்தார். விதி எளிமையானது. பெயரைத் தராசில் ஏற்ற வேண்டும். அதை முதன்முதலில் வைத்தவர் வந்து ஒருமுறை கூப்பிட வேண்டும். கூப்பிட்டவுடன் முள் ஐந்து கிலோவைத் தாண்டினால் அது மனத்தைப் புண்படுத்தும் பெயர். அரக்கு முத்திரை வைத்து, வியாழக்கிழமை லாரியில் ஏற்றி, மாவட்டக் கிட்டங்கியில் மற்ற சரக்குகளோடு போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

நல்ல திட்டம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. முதல் வாரம் சீனிவாசகத்தின் பெயரை ஏற்றினார்கள். பதினாலு வயதில் ஒரு கொலுசு காணாமல் போனதற்கு அவருக்குக் கள்ளன் என்று பெயர் வந்தது. கொலுசு கிணற்றுக்குள் கிடந்தது மறுமாதமே தெரிந்துவிட்டது; பெயர் மட்டும் போகவில்லை. அறுபத்துமூன்று கிலோ இருந்தது. லாரி போன அன்று மத்தியானம் சீனிவாசகம் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி, சாமான்களை எடுத்துப் பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தார். கடைக்காரர்கள் அவருக்காகப் பெட்டிகளைத் திறந்து வெளியே எடுத்து வைத்தார்கள்.

ஆனால் பெயர் சொன்ன விஷயம் உண்மையாக இருந்தால், அதுவும் பெயரோடு லாரியில் போய்விடும். சட்டித்தலை என்ற பெயர் போனபோது வன்னியராஜின் தலை எல்லோர் தலையையும் போல ஆகிவிட்டது. அவர் மனைவி இரண்டு நாள் அவரை வெளியே உட்காரவைத்து, யார் என்று விசாரித்த பிறகுதான் சாப்பாடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தகரத்தின் முறை வந்தது. இசக்கியம்மாள் அதற்கு எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கிரேஸ் பாக்கியம் டீச்சரை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். டீச்சருக்கு எண்பத்துநாலு வயது. தராசின் முன்னால் நின்று, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"தகரம்."

முள் முப்பத்தெட்டில் போய் நின்றது.

இசக்கியம்மாள் முள்ளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர், உங்க கனத்த எம்பேருல ஏத்திட்டியளே" என்றாள்.

"மன்னிச்சிரும்மா. அன்னைக்கு எனக்குத் தலவலி. நாப்பத்துமூணு வருசமா ஒன் சத்தம் கேக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருது" என்றார் டீச்சர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கியம்மாளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தராசின்மேல்தான் வந்தது.

கோதண்டபாணி பெரிய புத்தகத்தில் எழுதினார். கெட்ட மனுஷர் இல்லை. குரலில் பாகு ஊற்றின மாதிரி பேசுவார். "ஒன்னும் கவலைப்படாதீங்கம்மா. இத்தனை வருஷம் இந்த அசிங்கத்தைச் சுமந்தது போதும். இனி நீங்க வெறும் இசக்கியம்மாள். பாப்பா, முத்திரையை எடு."

பாப்பா என்று அவர் கூப்பிட்டது உதவியாளர் வளர்மதியை. வளர்மதிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பள்ளிக்கூடத்துச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அதிலும் கால் தரையில் படவில்லை. அவள் இறங்கி வந்தபோது பின்னால் ஒரு கயிறு இழுபட்டு வந்தது. கயிற்றின் மறுமுனையில் அவள் பெயர் இருந்தது. பஞ்சு போட்டுத் தைத்தது போல மெத்தென்று, பார்த்தால் தடவிக் கொடுக்கத் தோன்றுகிற பெயர். கயிற்றைப் பிடித்துப் பிடித்து வளர்மதியின் இடது தோள் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

"வெறும் இசக்கியம்மான்னு கூப்பிட்டா இந்த பஸ் ஸ்டாண்டுல பாதிப்பேரு திரும்புவா சார்" என்றாள் இசக்கியம்மாள். "எனக்கு எம்பேரு வேணும்."

"நாளைக்கு மேல்முறையீடு பண்ணுங்க. அதுக்கும் விதி இருக்கு."

முத்திரை வைக்கும்போது வளர்மதி அவளிடம் மெதுவாக, "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள். இசக்கியம்மாள் வாங்கிக் குடித்துவிட்டு, கயிற்றைக் கண்ணால் காட்டினாள்.

"இதை எடை போட்டாச்சா?"

"இது செல்லப்பெயர்க்கா. செல்லப்பெயருக்கு விலக்கு உண்டு."

"தூக்கிப் பாத்தியா?"

"தூக்க வராது. இழுக்கத்தான் முடியும்." வளர்மதி முத்திரைக் கட்டையைத் துடைத்தாள். "வேலைக்குச் சேந்தப்ப நான் சாரைவிட உயரம்க்கா."

மத்தியானம் சிவனு சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாளே தவிர கை வைக்கவில்லை. மூலையில் தகரம் முத்திரையோடு நின்றது. அவன் குனிந்து, "ஏட்டி தகரம்" என்று அவளைத்தான் கூப்பிட்டான். அவளும் திரும்பினாள், அதுவும் திரும்பியது.

"அது போனா சத்தமும் போயிருமே" என்றாள். "நாளக்கழிச்சு பெஞ்சுல ஏறி நின்னு என்னத்தச் சொல்லுவேன்? எல்லாரையும் மாதிரிப் பேசிக்கிட்டுத் திரியணுமா?" அவளுக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லவும் செய்தாள்.

"நான் வந்து கூப்பிடுதேன். என் வாயில அது முக்கா கிலோகூட வராது."

"வச்சவங்கதான் கூப்பிடணுமாம். மேல்முறையீட்டுக்கு வேற என்னமோ விதி இருக்காம்."

"வைக்கது ஒருத்தரு, சுமக்கது ஒருத்தரு. சுமக்கவகிட்ட எவனாவது கேட்டானா?" என்று சிவனு ரசத்தை ஊற்றினான். இசக்கியம்மாள் அந்தக் கயிற்றை நினைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலையில் கூடம் நிறைந்துவிட்டது. மண்டியில் தார் தூக்குகிற நான்கு பேரும் வந்து நின்றார்கள், தராசு அவர்களுடையது. கோதண்டபாணி விதிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். மேல்முறையீடு செய்பவர் முதலில், தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, அங்கே இருக்கிற வேறு எந்தப் பெயரையும் ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம்.

இசக்கியம்மாள் கயிற்றைக் காட்டினாள். "அதை ஏத்துங்க."

"பாப்பாவையா? தாராளமா. பஞ்சு மாதிரி இருக்கும்" என்று கோதண்டபாணி சிரித்தார். பெயரை வைத்தவரும் அவரேதான். கூப்பிடுவதற்கு ஆள் தேடவேண்டிய வேலை இல்லை.

நான்கு பேரும் குனிந்தார்கள். எழ முடியவில்லை. அடுத்தவர் பெயரைச் சுமக்க முடியாதே. வளர்மதி கயிற்றை இழுத்து, அவர்கள் பலகை போட்டுக் கொடுக்க, அங்குலம் அங்குலமாகத் தராசின்மேல் ஏற்றினாள். ஏற்றி முடித்து மூச்சு வாங்கினாள்.

கோதண்டபாணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கனிவாகக் கூப்பிட்டார்.

"பாப்பா."

முள் ஓடி, இருநூறில் முட்டி நின்றது. அந்தத் தராசில் அதற்கு மேல் எண் இல்லை.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தராசு தப்பு" என்றார். தார் தூக்குபவர்களில் ஒருவர் பெயரை இறக்கச் சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த ஒரு தாரைத் தூக்கி வைத்தார். இருபத்திரண்டு என்று தூக்கும்போதே சொன்னார். முள்ளும் இருபத்திரண்டு என்றது.

"நான் அன்பாத்தானே கூப்பிட்டேன்."

"அன்பாத்தான் கூப்பிட்டிய. நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றாள் இசக்கியம்மாள். "கூப்பிடுதது நீங்க. இழுத்துக்கிட்டு அலையது அவ."

அவர் வளர்மதி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"பதவி உயர்வுப் பட்டியல் வர்றப்பல்லாம் சொன்னேன் சார். பாப்பாவுக்கு என்ன அவசரம்னு சிரிச்சீங்க. பாப்பா சொன்னா யாரு சார் கேப்பாங்க."

வெளியே ஒரு பஸ் பின்னால் எடுத்தது. கோதண்டபாணி நேர்மையான அதிகாரி. தராசு சொன்னதைப் புத்தகத்தில் எழுதாமல் விட்டதில்லை. பாப்பா, இருநூறுக்கு மேல், புண்படுத்தும் பெயர், வைத்தவர் கோதண்டபாணி என்று தன் கையாலேயே எழுதி, முத்திரையையும் தானே வைத்தார்.

அப்புறம் விதிப் புத்தகத்தை வளர்மதி பக்கம் நகர்த்தினார். மேற்கொண்டு விதியை வளர்மதிதான் வாசித்தாள். மேல்முறையீட்டில், பெயரை வைத்தவருக்குப் பதிலாகச் சுமப்பவரே கூப்பிடலாம். இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று விதியின் கீழே பொடி எழுத்தில் குறித்திருந்தது.

இசக்கியம்மாள் தகரத்தைத் தூக்கித் தராசில் வைத்தாள். நாற்பத்துமூன்று வருஷமாக அந்தப் பெயரை எத்தனையோ வாய் கூப்பிட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கல்லை எறிகிற மாதிரி கூப்பிட்டார்கள். குளம் உடைந்த பிறகு ஊர் கும்பிடுகிற மாதிரி கூப்பிட்டது. சிவனு சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிறான். அதே பெயர்தான். தன் வாயில் அது என்ன எடை வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்பது வயசுப் பிள்ளை உள்ளே இன்னும் எங்கேயாவது உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால், அதன் கனமும் சேர்ந்து வருமே.

சிவனு கூட்டத்துக்குள்ளிருந்து, "பெஞ்சுல ஏறிக்கோட்டி" என்றான்.

அவள் ஏறினாள். தினமும் நிற்கிற உயரம் வந்ததும் மூச்சு தானாகச் சீரானது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஸ்ஸைக் கூப்பிடுகிற மாதிரியே, நெஞ்சு கொள்ளும் மட்டும் காற்றை இழுத்து, வெட்கம் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் கூப்பிட்டாள்.

"தகரம்."

நிலையத்தில் நின்ற பஸ்களின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ குடித்தவர்கள் எழுந்து நின்றார்கள். தன் வீட்டில் படுத்திருந்த கிரேஸ் பாக்கியம் டீச்சர், நல்லா இருக்கே என்று சொன்னாராம். தராசின் முள் சைபருக்கு வந்து, அங்கே நிற்காமல் இடது பக்கமாக இறங்கிப் போயிற்று. பலகை மேலே வந்தது. பின்னாலேயே தராசும் தரையைவிட்டு நான்கு விரல்கடை எழும்பி நின்றது. மண்டிக்காரர்கள் நான்கு பேரும் அதன் அடியில் விழுந்த நிழலை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்கள்.

கோதண்டபாணி முட்டி போட்டுத் தராசுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். எழுந்து, 'தராசையும் சேர்த்து எடை இல்லை' என்று எழுதினார். வளர்மதி தகரத்தின்மேல் இருந்த முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதை இசக்கியம்மாளிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். இசக்கியம்மாள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் நின்ற நிலையைப் பார்த்து சிவனுக்குத் தாங்கவில்லை. "என் பொண்டாட்டி" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னான்.

வியாழக்கிழமை லாரி வந்தது. அன்று அதில் ஏறியது ஒரே ஒரு பெயர். வளர்மதியே இழுத்துக்கொண்டுபோய் ஏற்றிவிட்டுக் கயிற்றை லாரியின் கொக்கியில் கட்டினாள். இசக்கியம்மாள் பெஞ்சில் ஏறி, "மாவட்டக் கிட்டங்கி, மாவட்டக் கிட்டங்கி, வழியில எங்கயும் நிக்காது" என்று கூப்பிட, லாரி கிளம்பியது.

அது பாலத்தைத் தாண்டியதும் வளர்மதிக்கு வரவேண்டிய இருபத்திரண்டு வருஷமும் வந்து சேர்ந்தது. தோள் நேரானது. முன்தலை நரைத்தது. மூக்கில் கண்ணாடி வந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டே இருந்தாள். எழுந்து முடித்தபோது கோதண்டபாணி அவள் தோளுக்கு இருந்தார். தள்ளிப்போன பதவி உயர்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவள் அவருக்கு இரண்டு படி மேலே என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் எழுந்து பெரிய நாற்காலியைத் துடைத்து நகர்த்தினார். அவள் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டாள்.

"கோதண்டபாணி சார், அடுத்த பைலைக் கொண்டாங்க."

"இதோ மேடம்" என்று அவர் போனார்.

இசக்கியம்மாளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. பதினொன்று இருபதுக்குத் திசையன்விளை பஸ் கிளம்ப வேண்டும். அவள் கூப்பிட்டாள், ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் மூன்று முறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, "தகரம்க்கா, உங்களைத்தான் கேக்குது" என்றார். பதினாலு வருஷமாக அதை எல்லோரும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டுமாம், அதுவும் அவள் வாயால் வேண்டுமாம்.

அவள் பெஞ்சிலிருந்து இறங்கி முன்பக்கம் போனாள். சூடாக இருந்த பானெட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் அதன் முகத்தருகே குனிந்து, யாருக்கும் கேட்காத சத்தத்தில் ஒரு பெயரைச் சொன்னாள்.

"கூப்பிட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "கனமா இருந்தா இப்பமே சொல்லிரு."

பஸ் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, கூப்பிடு என்கிற மாதிரி, முன்விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தது. அதற்குப் பின்னால் நாங்குநேரி பஸ் வந்து வரிசையில் நின்றது.